நாணயம் எல்லை தாண்டுமா?

சென்னையில் வாங்கிய வீட்டுக்குப் பத்தாண்டுகளாக ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டிவரும் பொறியாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சிபில் ஸ்கோர் 800-க்கு மேல். வேலை மாற்றலாகி அவர் டல்லஸுக்குப் போகிறார். சம்பளம் பல மடங்கு கூடியிருக்கிறது. ஆனால் 500 டாலர் வரம்புள்ள சாதாரண கிரெடிட் கார்டு ஒன்றுக்கு விண்ணப்பித்தால், ‘போதிய கடன் வரலாறு இல்லை’ என்று வங்கி கைவிரிக்கிறது. முதன்முறையாகக் கார்டு கேட்கும் உள்ளூர் கல்லூரி மாணவனுக்கும் இவருக்கும் அந்த வங்கியின் கணினியில் வித்தியாசம் கிடையாது.

கார்டு இல்லாமல் காலம் தள்ள முடியாதா என்றால், முடியும். ஆனால் அமெரிக்காவில் கடன் வரலாற்றின் வேலை கார்டோடு முடிவதில்லை. வீட்டை வாடகைக்கு விடுபவர் அதைப் பார்க்கிறார். கார் கடனின் வட்டி அதைப் பொறுத்து ஏறி இறங்குகிறது. மின் இணைப்புக்கும் செல்போன் இணைப்புக்கும் முன்பணம் கேட்பதா வேண்டாமா என்பதற்கும் அதைத்தான் பார்க்கிறார்கள். அந்த வரலாற்றின் முதல் வரியை எழுதும் எளிய கருவி கார்டு என்பதால்தான் புதிதாக வந்தவர்கள் அதைத் தேடி அலைகிறார்கள். ஒரு நாட்டில் ஈட்டிய நம்பகத்தைக் காட்டி இன்னொரு நாட்டில் கார்டு பெற முடியுமா? சில நாடுகளுக்கு இடையே, சில நிறுவனங்களிடம், சிலருக்கு மட்டும் முடியும். அந்தச் சிலர் யார், அவர்களுக்கு மட்டும் ஏன் என்பதுதான் இங்கே ஆராய வேண்டியது.

பதிவேடு யாருடையது?

இன்று ஈக்விஃபாக்ஸ் என்று அழைக்கப்படும் நிறுவனம் 1899-இல் அட்லாண்டாவில் ‘ரீடெய்ல் கிரெடிட் கம்பெனி’ என்ற பெயரில் தொடங்கியது. வாடிக்கையாளர்களில் யார் கடனை ஒழுங்காகத் தீர்ப்பவர் என்ற தகவலைத் திரட்டி விற்பது அதன் தொழில். 1956-இல் பில் ஃபேர், ஏர்ல் ஐசக் இருவரும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் இந்தத் தகவலை எண்ணாக மாற்றும் கணக்கை உருவாக்கியது. அவர்கள் பெயரின் சுருக்கமான ஃபைக்கோ ஸ்கோர், எல்லா வங்கிகளும் பயன்படுத்தக்கூடிய பொது மதிப்பெண்ணாக 1989-இல் அறிமுகமானது. 300 முதல் 850 வரை போகும் இந்த மதிப்பெண்ணில் தவணை தவறாமைக்கு 35 விழுக்காடு, நிலுவையில் உள்ள தொகைக்கு 30, வரலாற்றின் நீளத்துக்கு 15 என்று எடை உண்டு. குறைந்தது 6 மாதம் பழைய கணக்கு ஒன்றாவது இல்லாவிட்டால் மதிப்பெண்ணே போட முடியாது. கடன் இருந்தால்தான் மதிப்பெண், மதிப்பெண் இருந்தால்தான் கடன் என்ற சுழலில் புதியவர் சிக்குவது இதனால்தான்.

இந்தியாவில் இந்த ஏற்பாடு மிகவும் இளையது. கடன் தகவல் நிறுவனமான சிபில் 2000-இல் பதிவானது; கடன் தகவல் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2005-இல் வந்தது. இப்போது டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என நான்கு நிறுவனங்கள் உள்ளன. இவற்றில் மூன்றின் பெயர் அமெரிக்காவிலும் அதேதான். பெயர் ஒன்றாக இருக்கும்போது சென்னைக் கணக்கு டல்லஸில் ஏன் தெரிவதில்லை?

முதல் காரணம் சட்டம். கடன் அறிக்கையை யார், எதற்காகப் பார்க்கலாம் என்பதை அமெரிக்காவில் 1970-இன் சட்டமும் இந்தியாவில் 2005-இன் சட்டமும் வரையறுக்கின்றன. இந்தியாவில், கோப்புக்கு உரியவரை விட்டால், தகவல் கொடுக்கும் உறுப்பு நிறுவனங்களும் சட்டம் பெயர் சொல்லும் பயனாளர்களும்தான் அறிக்கையைப் பெறலாம். ஒரே குழுமத்தைச் சேர்ந்த நிறுவனமானாலும் இந்தியக் கோப்பை எடுத்து அமெரிக்கக் கோப்போடு ஒட்டிவிட முடியாது. இரண்டாவது, அடையாள எண். இந்தியக் கோப்பு பான் எண்ணைச் சுற்றி நிற்கிறது. அமெரிக்கக் கோப்பு சமூகப் பாதுகாப்பு எண்ணைச் சுற்றி. இரண்டையும் ஒரே ஆளுடையது என்று சொல்லும் பதிவேடு எங்கும் இல்லை. மூன்றாவது, அளவுகோல். சிபிலின் 750-உம் ஃபைக்கோவின் 750-உம் ஒன்றல்ல. ஒன்று 900 வரை போகும் அளவுகோல், மற்றது 850-உடன் நிற்பது. வெவ்வேறு மக்களின் பழக்கத்தை வைத்து வெவ்வேறு கணக்கில் போட்ட எண்களை நேராக ஒப்பிட வழியில்லை.

இந்த மூன்றுக்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது. கடன் வரலாறு நம்மைப் பற்றியதுதான், ஆனால் அது நம் சொத்தாக இல்லை. கடன் கொடுத்தவர்கள், கடன் கொடுப்பவர்களுக்காக, ஒரு நாட்டுக்குள் எழுதிவைத்த பதிவேடு அது. ஆள் விமானம் ஏறலாம். பதிவேடு யாராவது எடுத்துப் போனால்தான் போகும்.

கடல் கடந்த விலாசம்

நம்பகம் கடல் கடப்பது தமிழர்களுக்குப் புதிதல்ல. நாட்டுக்கோட்டை நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இலங்கை, பர்மா, மலாயா எங்கும் கடை வைத்து வட்டித்தொழில் செய்தார்கள். ஒவ்வொரு கடைக்கும் தலைமுறைப் பெயர்களின் முதலெழுத்துகளால் ஆன விலாசம் உண்டு. ஓரிடத்தில் எழுதிய உண்டியல் என்ற பணச்சீட்டு கடலுக்கு அப்பால் பணமானதற்கு அந்த விலாசத்தின் மதிப்பே காரணம். ஒருவர் சொல் தவறினால் ஒன்பது கோயில்களைச் சுற்றி அமைந்த சமூகம் முழுவதும் அது தெரிந்துவிடும். பதிவேட்டின் வேலையைச் சமூகமே செய்தது.

அந்த ஏற்பாட்டின் எல்லையும் வெளிப்படையானது. சமூகத்துக்குள் பிறக்காதவருக்கு அந்த வாசல் திறக்காது. முகம் தெரியாதவருக்கும் எண்ணைப் பார்த்துக் கடன் கொடுக்கலாம் என்பதுதான் நவீனக் கடன் பதிவேடு செய்த பெரிய மாற்றம். ஆனால் பழையது கடலைத் தாண்டியது. புதியது நாட்டு எல்லையில் நின்றுவிட்டது.

நாட்டுக்கு நாடு வேறு

எல்லா நாடுகளும் அமெரிக்காவைப் போல இல்லை. பிரான்சில் ஒழுங்காகக் கட்டியதைப் பதிவுசெய்யும் ஏற்பாடே கிடையாது. தவணை தவறியவர்களின் பட்டியலை மட்டும் மத்திய வங்கியான பாங்க் தெ பிரான்ஸ் வைத்திருக்கிறது. பத்தாண்டு ஒழுங்காக அங்கே கடன் தீர்த்தவர் வெளிநாடு போனால், எடுத்துக்காட்ட அவரிடம் எதுவும் இருக்காது. ஆஸ்திரேலியாவிலும் 2014 மார்ச் வரை எதிர்மறைத் தகவல்தான் பெரும்பாலும் பதிவானது. அதன் பிறகே மாதாமாதம் கட்டிய விவரமும் சேர்ந்தது.

ஜெர்மனியின் கடன் தகவல் நிறுவனமான ஷூஃபா 1927-இல் பெர்லினில் தொடங்கியது. வாடகை வீடு தேடுபவர் அதன் சான்றைக் கொண்டுபோவது அங்கே வழக்கம். அதன் மதிப்பெண்ணை நம்பியே வங்கி முடிவெடுக்கிறது என்றால், அந்த மதிப்பெண் போடுவதும் தனிநபர் குறித்த தானியங்கி முடிவே என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்ப்பளித்தது. மதிப்பெண் எப்படி வந்தது என்று கேட்கும் உரிமைக்கு அது வலுச் சேர்த்திருக்கிறது.

பிரிட்டனில் எல்லோருக்கும் பொதுவான ஒற்றை மதிப்பெண் இல்லை. அங்கே முகவரியை உறுதிசெய்ய வங்கிகள் வாக்காளர் பட்டியலைப் பார்க்கின்றன. காமன்வெல்த் குடிமக்களுக்கு அந்நாட்டில் வாக்குரிமை உண்டு என்பதால், முறையான விசாவில் தங்கியிருக்கும் இந்தியரும் இலங்கையரும் அந்தப் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். செலவில்லாமல் கடன் கோப்புக்கு வலுச் சேர்க்கும் இந்த வழியை அறியாமல் வருடக்கணக்கில் இருப்பவர்கள் உண்டு.

கனடாவின் பெரிய வங்கிகள் எல்லாவற்றிலும் ‘புதிதாக வந்தவர்களுக்கான’ திட்டம் இருக்கிறது. கடன் வரலாறு இல்லாமலேயே, வந்த சில ஆண்டுகளுக்குள் இருப்பவருக்கு ஓர் அளவான வரம்போடு கார்டு கொடுக்கிறார்கள். ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோரைக் குடியேற்றும் நாட்டில், முதலில் கணக்குத் தொடங்கும் வங்கியிடம்தான் பின்னாளில் வீட்டுக்கடனும் கேட்பார்கள் என்பது வங்கிகளுக்குத் தெரியும். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வரலாற்றைவிட வருமானம் முன்னே நிற்கிறது. சிங்கப்பூரில் பிணையில்லாக் கார்டுக்கு ஆண்டு வருமானம் 30,000 சிங்கப்பூர் டாலர் என்பது பொதுவான அடிப்படை வரம்பு. வெளிநாட்டவரிடம் வங்கிகள் அதைவிடக் கூடுதலாக எதிர்பார்க்கின்றன. வளைகுடாவில் சம்பளச் சான்றிதழே முதல் ஆவணம்.

இருக்கும் பாலங்கள்

ஆக, சிக்கல் கூர்மையாக இருப்பது அமெரிக்காவில். அதைத் தீர்க்க முயலும் வழிகளும் அங்கேதான் அதிகம். அவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, ஒரே நிறுவனத்துக்குள் மாறுவது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டை ஒரு நாட்டில் சில மாதங்களாவது ஒழுங்காக வைத்திருப்பவர், வேறு நாட்டுக்குப் போகும்போது அந்த உறவைக் காட்டி அங்கே புதிய கார்டு கேட்கலாம். பழைய கார்டு அப்படியே போவதில்லை, புதுக் கணக்குதான். ஆனால் முடிவெடுப்பவர்கள் கையில் உங்களைப் பற்றிய தகவல் ஏற்கெனவே இருக்கும். எச்.எஸ்.பி.சி.யும் தன் உலகளாவிய வாடிக்கையாளர்களுக்கு இப்படிப்பட்ட வசதி தருகிறது. இந்த வழி பன்னாட்டு வங்கிகளின் வியாபார முடிவுகளால் திடீரென அடைபடவும் செய்யும். சிட்டி வங்கி தன் இந்தியச் சில்லறை வணிகத்தை 2023 மார்ச்சில் ஆக்சிஸ் வங்கிக்குக் கொடுத்துவிட்டு வெளியேறியபோது, அதன் இந்தியக் கார்டுதாரர்கள் பன்னாட்டு வங்கியின் வாடிக்கையாளர்களாக இல்லாமல் போனார்கள்.

இரண்டாவது, வரலாற்றையே மொழிபெயர்த்துக் கொடுக்கும் இடைநிறுவனம். ஸ்டான்ஃபோர்டில் படித்த வெளிநாட்டு மாணவர்கள் சேர்ந்து 2016-இல் தொடங்கிய நோவா கிரெடிட் இதில் முன்னோடி. கார்டுக்கு விண்ணப்பிப்பவர் தன் சொந்த நாட்டைத் தேர்ந்தெடுத்து, விவரங்களைக் கொடுத்து, ஒப்புதல் தருகிறார். அந்த நாட்டுக் கடன் தகவல் நிறுவனத்திலிருந்து அறிக்கை உடனே வரவழைக்கப்பட்டு, அமெரிக்க வங்கிக்குப் புரியும் வடிவத்திலும் அளவுகோலிலும் மாற்றித் தரப்படுகிறது. நோவா அமெரிக்கச் சட்டப்படி கடன் தகவல் நிறுவனமாகவே இயங்குவதால் சட்டத் தடையும் நீங்குகிறது. 2019-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் இதனோடு கைகோத்தபோது இந்தியா, மெக்சிகோ, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளிலிருந்து வருபவர்களுக்கு வாய்ப்புத் திறந்தது; பிறகு நைஜீரியா, கென்யா, பிரேசில் போன்ற நாடுகளும் சேர்ந்தன. கனடாவில் ஸ்கோஷியாபேங்க் இதே சேவையைப் பயன்படுத்தத் தொடங்கியது.

மூன்றாவது, புறப்படும் முன்பே கணக்குத் தரும் புதுநிறுவனங்கள். டாக்ஸி சேவை நிறுவனமான டாக்ஸிஃபார்ஷ்யூரை நிறுவியவர்களில் ஒருவர் 2020-இல் பெங்களூரில் தொடங்கிய சோல்வ் அத்தகையது. அமெரிக்கா போகும் மாணவர்களும் ஊழியர்களும் இந்தியாவில் இருந்தபடியே அமெரிக்கக் கணக்குக்கும் கார்டுக்கும் விண்ணப்பிக்க அது வழி செய்தது. கடன் கொடுப்பது அமெரிக்கக் கூட்டாளி வங்கி. ஆபத்தை மதிப்பிடுவது விண்ணப்பதாரரின் ஊரையும் படிப்பையும் வேலையையும் அறிந்தவர்கள்.

நான்காவது, பழைய வரலாற்றை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவது. சில நூறு டாலரை வைப்பாகக் கட்டி அதே அளவு வரம்புள்ள கார்டு வாங்குவது ஒரு முறை. ஏற்கெனவே கார்டு வைத்திருப்பவர் தன் கணக்கில் இன்னொருவரை அனுமதிபெற்ற பயனாளராகச் சேர்ப்பது இன்னொரு முறை. மாணவர்களுக்கு வரலாறு கேட்காத கார்டுகளும் உண்டு. ஆனால் 2009-இன் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவர் தனக்கென வருமானம் இருப்பதைக் காட்டவேண்டும், அல்லது வயது வந்த ஒருவரின் பொறுப்பில் பெறவேண்டும்.

இவை தவிர, அதிகம் பேர் அறியாத சட்ட வாசல் ஒன்றும் உண்டு. 1974-இன் சமவாய்ப்புக் கடன் சட்டத்தின் கீழ் வரும் விதிகள், கடன் அறிக்கையில் இல்லாத, ஆனால் வங்கி வழக்கமாகப் பார்க்கும் அதே வகையான கடன் விவரங்களை விண்ணப்பதாரர் முன்வைத்துக் கேட்டால், வங்கி அவற்றைக் கருத்தில் கொள்ளவேண்டும் என்கின்றன. கருத்தில் கொள்வது வேறு, கார்டு கொடுப்பது வேறு. அதே விதிகள் குடியேற்ற நிலையையும் கணக்கில் எடுக்க வங்கிக்கு இடம் தருகின்றன. இணைய விண்ணப்பத்தில் இந்த வாசலைத் தட்ட இடமே இருக்காது. கிளைக்கு நேரில் போய், பேசக்கூடிய அதிகாரி அமைந்தால் பயன்படலாம்.

பாலம் எட்டாதவர்கள்

இந்தப் பாலங்களில் ஏற முதலில் சொந்த நாட்டில் பதிவான வரலாறு வேண்டும். தமிழ்நாட்டுக் குடும்பங்களின் பண ஒழுக்கத்தில் பெரும்பகுதி பதிவேட்டுக்கு வெளியே நடக்கிறது. இருபது மாதச் சீட்டை ஒரு மாதமும் தவறாமல் கட்டியவருக்கு அதற்காக மதிப்பெண் ஏறுவதில்லை. வங்கியில் வைத்த நகைக்கடன் சிபிலில் ஏறும். தெருமுனை அடகுக் கடையில் வைத்தது ஏறாது. நாள் முழுக்க யூ.பி.ஐ.யில் கணக்கிலுள்ள பணத்தைச் செலவழிப்பவர் எவ்வளவு கவனமானவர் என்றாலும் கடன் கோப்பில் அவருக்கு ஒரு வரி கிடையாது.

கல்விக்கடன் இன்னொரு முரண். சென்னை வங்கியில் கடன் வாங்கி அமெரிக்காவில் படித்து, அங்கேயே வேலை பார்த்து, டாலர் சம்பளத்திலிருந்து மாதாமாதம் இ.எம்.ஐ. அனுப்புபவரின் சிபில் ஸ்கோர் உயர்கிறது. அவர் வாழும் நாட்டின் கோப்பில் அது ஒரு வரியாகக்கூட வருவதில்லை.

மனைவிமார் நிலை இன்னும் கடினம். ஹெச்-4 விசாவில் உடன் செல்லும் பெண், வேலை அனுமதி இல்லாதவரை சமூகப் பாதுகாப்பு எண் பெறமுடியாது. இந்தியாவில் வீட்டுக்கடனும் கார்டும் கணவர் பெயரிலேயே இருந்திருந்தால், இரு நாடுகளிலும் அவருக்கு வரலாறு இல்லை. கணவரின் கார்டில் பயனாளராகப் பெயர் சேர்ப்பது சின்ன வேலை. அதைச் செய்யாமல் விட்டதன் விலை, பிரிவோ இழப்போ நேர்ந்து அவர் தனியாக வீடு தேடும்போதுதான் தெரியவரும்.

பெயரும் தடையாகிறது. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போடும் நம் வழக்கம் பான் அட்டையில் ஒரு விதமாக, பாஸ்போர்ட்டில் வேறு விதமாக ஏறியிருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உள்ள ஒரே பெயர் குடும்பப்பெயராகி, முதற்பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ என்று, அதாவது முதற்பெயர் தெரியவில்லை என்று, விழும். கணினி இரண்டு ஆவணங்களையும் ஒரே ஆளுடையது என்று சேர்க்கத் தயங்குவதில் வியப்பில்லை.

இலங்கையில் கடன் தகவல் பணியகம் 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. இந்தியாவுக்குப் பத்தாண்டு முன்னால். ஆனால் போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் கிளம்பிய அகதிக்கு அந்தப் பணியகத்தின் கோப்பு உதவியிருக்கப் போவதில்லை. கடையும் காணியும் விட்டு வந்தவருக்குப் பழையதைக் கேட்காத புதிய பக்கமே தேவைப்பட்டது. வரலாற்றைக் கொண்டுபோகும் வசதியைப் பற்றிப் பேசும்போது, அதைக் கொண்டுபோகாமல் இருக்கும் உரிமையும் சிலருக்கு வாழ்வு தந்திருக்கிறது என்பதை மறக்கக்கூடாது.

கடன் மட்டும் கடக்கும்

நல்ல பெயர் எல்லையில் நின்றாலும் கெட்ட கடன் நிற்பதில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை போனவர்கள் கார்டு நிலுவையையும் வங்கிக் கடனையும் விட்டுவிட்டு ஊர் திரும்பியது ஒரு காலத்தில் அடிக்கடி கேள்விப்பட்ட கதை. 2020 ஜனவரியில் இந்திய அரசு அந்நாட்டை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44-ஏ பிரிவின்கீழ் அறிவித்தது. அதிலிருந்து, அங்குள்ள நீதிமன்றம் பிறப்பித்த பணத் தீர்ப்பை இந்தியாவின் மாவட்ட நீதிமன்றம் மூலம் நேரடியாக நிறைவேற்றலாம். பிரிட்டனும் சிங்கப்பூரும் அந்தப் பட்டியலில் முன்பே இருந்தவை, அமெரிக்கா இல்லை.

எதிர்த்திசையிலும் இது பொருந்தும். ஊரில் மறந்துவிட்ட கார்டின் ஆண்டுக் கட்டணம் நிலுவையாகி வட்டியோடு வளர்ந்து சிபிலில் ஏறிவிட்டால், அமெரிக்காவில் நோவா வழியாக விண்ணப்பிக்கும்போது அந்தக் கறையும் கூடவே வரும். பாலம் இருபுறமும் திறந்தது.

என்ன செய்யலாம்?

புறப்படுபவர் செய்யக்கூடியவை எளியவை. நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாக முழு அறிக்கை தரவேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2017 முதல் நடைமுறையில் உள்ளது. பயணத்துக்குச் சில மாதம் முன்பே அதை வாங்கிப் பிழை திருத்தலாம். பான், பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயரை ஒரே மாதிரி ஆக்கலாம். பன்னாட்டுக் கார்டு ஒன்றைக் கணவனும் மனைவியும் தனித்தனிப் பெயரில் எடுத்துச் சில மாதம் பயன்படுத்தலாம். போன பிறகு இந்தியக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றி, தேவையில்லாத கார்டுகளை எழுத்துமூலம் மூடலாம். அங்கே முதல் கார்டு கிடைத்ததும் வரம்பில் சிறு பகுதியை மட்டும் பயன்படுத்தி, முழு நிலுவையையும் கெடு தேதிக்குள் கட்டலாம்.

ஆனால் தனிமனிதர் முன்யோசனையோடு முடியும் விஷயம் இல்லை இது. இந்தியாவுக்கு அமெரிக்கப் பாலம் முதலிலேயே கிடைத்ததற்கு இந்தியர்கள் ஒழுங்கானவர்கள் என்பது காரணமில்லை. நல்ல சம்பளத்தில் பெரும் எண்ணிக்கையில் போகிறார்கள், ஊரில் கணினிமயமான கோப்பு இருக்கிறது என்பவையே காரணம். சிறிய நாட்டிலிருந்து வருபவருக்கும், கோப்புக்கு வெளியே ஒழுங்காக வாழ்ந்தவருக்கும் பாலம் கட்டுவதில் எந்த நிறுவனத்துக்கும் லாபம் இல்லை.

அரசுகள் நினைத்தால் இதை மாற்ற முன்னுதாரணம் இருக்கிறது. ஒரு நாட்டில் கட்டிய ஓய்வூதியப் பங்களிப்பை இன்னொரு நாடு மதிக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தங்களை இந்தியா பெல்ஜியத்தோடு தொடங்கி ஜெர்மனி, பிரான்ஸ், கனடா, ஜப்பான் போன்ற நாடுகளோடு செய்திருக்கிறது. ஒப்புதலின்பேரில் நிதித் தகவலைப் பகிரும் அக்கவுண்ட் அக்ரிகேட்டர் ஏற்பாடு 2021 முதல் நாட்டுக்குள் இயங்குகிறது. இரண்டையும் சேர்த்து யோசித்தால், விரும்புகிறவர் மட்டும் தன் கடன் வரலாற்றைச் சான்றளித்த வடிவில் எடுத்துச் செல்லும் உரிமை கைக்கெட்டாத கனவு அல்ல. விருப்பமில்லாதவர் புதிய பக்கத்திலிருந்து தொடங்கலாம்.

கட்டாத கடனை எல்லை தாண்டி வசூலிக்க அரசுகள் வழி கண்டிருக்கின்றன. கட்டித் தீர்த்த கணக்கை எல்லை தாண்டி அனுப்பும் வேலையை மட்டும் சந்தையின் விருப்பத்துக்கு விட்டிருக்கின்றன. அப்படியே விட்டுவைத்தால், வெளிநாட்டில் ஒருவருக்குக் கார்டு கிடைப்பது அவர் எப்படிக் கடன் தீர்த்தார் என்பதைப் பொறுத்திருக்காது. அவர் ஊரிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்பதையே பொறுத்திருக்கும்.